வேலூர் வெயிலில் வீட்டு ஏசி: புரிந்துகொள்ளவும் கழுவவும் ஒரு முழு வழிகாட்டி

ஏசி குளிரவில்லை என்றதும் நம் ஊரில் எல்லார் வாயிலும் வருவது ஒரே பேச்சு: ‘கேஸ் போயிருக்கும்.’ பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், எலக்ட்ரிக் கடைக்காரர் சொல்வார், சர்வீஸுக்கு வருகிற பையன் சில நேரம் பைக்கை ஸ்டாண்டு போடும் முன்பே சொல்லிவிடுவான். ஆனால் சித்திரை, வைகாசியில் இங்கே மக்கர் செய்கிற ஏசிகள் பலவற்றில் கேஸ் போட்ட அளவு அப்படியேதான் இருக்கும். அடைத்துக் கிடப்பது தூசி. கேஸுக்குக் கொடுக்கிற காசில் பாதியைக்கூடச் செலவழிக்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டிலேயே சரிசெய்யக்கூடிய விஷயம் இது.

தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று வேலூரைக் கேலி பேசும் பழைய வழக்கு ஒன்று உண்டு. ஏசிக்கு எதிரி அந்த இரண்டுமே. பகலெல்லாம் காய்ந்த பாறை மலைகள் ராத்திரி பத்து மணிக்கும் அனலை விட்டுக்கொண்டிருக்கும். பாலாற்று மணலும் ரோட்டுப் புழுதியும் காற்றில் ஏறி நேராக மாடியில் இருக்கும் அவுட்டோர் பெட்டியில் போய் உட்காரும். கடலோர ஊர்க்காரர்களுக்கு உப்புக்காற்று கவலை. நமக்குப் புழுதியும் அனலும். அதனால் ஏசியோடு வரும் புத்தகத்தில் போட்டிருக்கும் பொதுவான கால அட்டவணை சத்துவாச்சாரிக்கும் காட்பாடிக்கும் அப்படியே பொருந்தாது.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. வீட்டுக்குள் தேங்கிய மழைத்தண்ணீரை வாளியில் அள்ளித் தெருவில் கொட்டுவது போல, அறையில் இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். அந்த வாளிதான் கேஸ். ஆர்-32, ஆர்-410ஏ, பழைய பெட்டிகளில் ஆர்-22 என்று அதற்குப் பல பெயர்.

உள்ளே சுவரில் மாட்டியிருக்கும் இன்டோர் பெட்டியில் செம்புக் குழாயும், அதன்மேல் நெருக்கமாகக் கோத்த மெல்லிய அலுமினியத் தகடுகளும் சேர்ந்த ஒரு காயில் இருக்கிறது. திரவமாக வரும் கேஸ் அதற்குள் அழுத்தம் குறைந்து ஆவியாகும். ஆவியாக வேண்டுமென்றால் சூடு வேண்டும். அந்தச் சூட்டை அறையின் காற்றிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். ப்ளோயர் என்று மெக்கானிக்குகள் சொல்கிற நீள உருளை விசிறி அறைக்காற்றை மேலே இழுத்து, காயில் வழியாகத் தள்ளி, கீழே குளிராக விடுகிறது. சூட்டைச் சுமந்த கேஸ் தடித்த குழாய் வழியாக வெளியே போகும். அங்கே கம்ப்ரசர் அதை அழுத்தும். அழுத்தியதும் அதன் சூடு வெளிவெயிலைவிட அதிகமாகிவிடும். அவுட்டோர் பெட்டியின் காயிலும் விசிறியும் அந்தச் சூட்டைத் தெருக்காற்றில் கொட்ட, கேஸ் மறுபடி திரவமாகி உள்ளே திரும்பும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. 1.5 டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது மணிக்கு 18,000 பிடியூ (சூட்டை அளக்கும் ஓர் அலகு), அதாவது ஏறக்குறைய 5.3 கிலோவாட் அளவுக்குச் சூட்டை அறையிலிருந்து வெளியேற்றுகிறது. அதற்காக அது எடுத்துக்கொள்ளும் மின்சாரம் தோராயமாக 1.5 கிலோவாட். இரண்டையும் சேர்த்து ஏழு கிலோவாட்டுக்குக் கொஞ்சம் குறைவான சூட்டை அந்தச் சின்ன அவுட்டோர் பெட்டி வெளியே கொட்டியாக வேண்டும். கம்பெனிக்காரர்கள் டன் கணக்குப் போடுவது வெளியே 35 டிகிரி இருக்கும்போது. நம் ஊர் கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும். தளம் போட்ட மொட்டைமாடியில், மேற்கு வெயில் அடிக்கும் மூலையில் இன்னும் கூடுதல். அங்கே காயில் மீது விரற்கடைத் தூசியும் படிந்தால் அந்தச் சூடு எங்கே போகும்?

‘டன்’ என்பது பெட்டியின் எடை இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடையில் இன்றும் கேட்கிறார்கள். ஒரு டன் ஐஸ் கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை விழுங்குமோ, அதுதான் ஒரு டன். மணிக்கு 12,000 பிடியூ.

ஆக, ஏசி நன்றாக ஓட மூன்று வழி திறந்திருந்தால் போதும். உள்ளே காற்று தடையில்லாமல் காயிலைக் கடக்க வேண்டும். வெளியே சூடு தடையில்லாமல் இறங்க வேண்டும். காயிலில் வியர்க்கும் தண்ணீர் தடையில்லாமல் வடிய வேண்டும். இனி கழுவப்போவதெல்லாம் இந்த மூன்று வழிகளைத்தான்.

எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

ரிமோட்டில் ஆஃப் செய்வது ஆஃப் இல்லை. ஏசிக்கான எம்சிபியை, அதாவது மின்பெட்டியில் இருக்கும் ட்ரிப்பர் சுவிட்சை, கீழே இறக்குங்கள். ஸ்டெபிலைசர் இருந்தால் அதன் பிளக்கையும் கழற்றுங்கள். வீட்டில் வேறு ஆள் இருந்தால், ‘எம்சிபியைப் போடாதே’ என்று சொல்லிவிட்டு ஏணி ஏறுங்கள். பிள்ளைகள் ஃபேன் ஓடவில்லையே என்று போய் எல்லா சுவிட்சையும் தட்டுவது நம் வீடுகளில் சாதாரணம்.

ஃபில்டர், முன்மூடி, காயிலின் முகம், ப்ளோயரின் எட்டுகிற பகுதி, டிரெயின் குழாய், அவுட்டோர் காயிலின் வெளிப்புறம். இவ்வளவும் உங்கள் வேலை. அவுட்டோர் பெட்டியின் மின்பகுதி மூடியைத் திறப்பது உங்கள் வேலை இல்லை. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அங்குள்ள கெப்பாசிட்டர்கள் கொஞ்ச நேரம் மின்னைத் தேக்கி வைத்திருக்கும். இன்வெர்ட்டர் ஏசியின் (கம்ப்ரசர் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் வகை) போர்டில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். செம்புக் குழாய்களின் நட்டு, வால்வு எதையும் ஸ்பேனர் போட்டுப் பார்க்கவே கூடாது. ஆர்-32 தீப்பற்றக்கூடிய கேஸ்; புரொப்பேன் ஆன ஆர்-290 அதைவிட எளிதில் பற்றும்.

இன்னொன்று: அவுட்டோர் பெட்டி சன்ஷேடுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தால், அதைக் கழுவுவதை மெக்கானிக்கிடமே விடுங்கள். நூறு இருநூறு மிச்சம் பிடிக்க ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பைத் தொங்கவிட வேண்டாம்.

ஃபில்டர்: பத்து நிமிட வேலை, பாதி நோய்க்கு மருந்து

முன்மூடியின் இரண்டு பக்கமும் விரல் வைக்கச் சின்னப் பள்ளம் இருக்கும். இரண்டையும் ஒன்றாகத் தூக்கினால் மூடி மேலே ஏறி நிற்கும். வலை ஃபில்டர் இரண்டு இருக்கும். லேசாக மேலே தூக்கி, வெளியே இழுத்தால் வந்துவிடும். கழற்றும்போது தூசி முகத்தில் கொட்டும், ஒரு துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள். கீழே கட்டில் இருந்தால் பழைய புடவை ஒன்றை விரியுங்கள்.

படுக்கையறை ஃபில்டரில் அப்பியிருப்பது தெருப்புழுதி மட்டும் இல்லை. தலையணை, மெத்தையிலிருந்து பறக்கும் இலவம்பஞ்சும், புடவை வேட்டி நூலும் ஒரு சாம்பல் நிறக் கம்பளி மாதிரி படிந்திருக்கும். காய்ந்திருக்கும்போதே ஒரு மூலையில் பிடித்து உரித்தால் முழுசாக வந்துவிடும். அப்புறம் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். தண்ணீர் தூசி படிந்த பக்கத்தில் அடிக்கக்கூடாது. மறுபக்கத்திலிருந்து விட்டால்தான் வலைக்கண்ணில் சிக்கியது வெளியே தள்ளப்படும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பாத்திரம் துலக்கும் லிக்விடு இரண்டு சொட்டு, பழைய டூத் பிரஷ். வெந்நீர் வேண்டாம். வெயிலிலும் காயப்போட வேண்டாம். நம் மொட்டைமாடி வெயிலில் பிளாஸ்டிக் சட்டம் கோணிக்கொள்ளும், பிறகு பள்ளத்தில் உட்காராது. நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும்.

வலைக்கு மேல் சின்னச் சின்னத் துண்டுகளாக வேறு ஃபில்டர் ஒட்டியிருந்தால் (பிஎம் 2.5, கார்பன் என்று பெயர் போட்டிருக்கும்) அவற்றில் பெரும்பாலானவை கழுவக்கூடியவை அல்ல. தட்டிவிட்டு வைக்கலாம், இல்லை மாற்றலாம். நாள்பட்டுக் கருத்துப்போன ஒன்றை வைத்துக்கொண்டு காற்றை அடைப்பதைவிட எடுத்துவிடுவதே மேல் என்பது என் கட்சி.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? தினமும் ராத்திரி ஓடும் ஏசிக்குக் கோடையில் இரண்டு வாரம். ரோடு போடும் தெரு, வீடு கட்டும் தெரு, மெயின் ரோட்டு மாடி என்றால் வாரம் ஒருமுறை. சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கத்தில் நோயாளிகளுக்கும் கூட வருபவர்களுக்கும் அறை வாடகைக்கு விடுகிறவர்கள் ஆள் மாறும்போதெல்லாம் கழுவிவிடுங்கள். அந்த அறைக்கு வருபவர் யார், எந்த நிலையில் வருகிறார் என்பது உங்களுக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. ஏசி ஓடும்போது சாம்பிராணிப் புகையோ கொசுவத்திப் புகையோ போட்டால், அந்தப் பிசின் ஈரக் காயிலில் போய் ஒட்டும். வெறும் தூசி தண்ணீரில் போய்விடும். பிசினில் ஒட்டிய தூசி போகாது. ஏசியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து புகை போடுங்கள், அடங்கிய பிறகு ஏசி.

காயிலும் ப்ளோயரும்

ஃபில்டரைக் கழற்றிய இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளி நிறத்திலோ நீல நிறத்திலோ தகடுகள் வரிவரியாகத் தெரிந்தால் நல்லது. வரி தெரியாமல் சாம்பல் பூத்திருந்தால் கழுவ வேண்டும். கீழே காற்று வரும் வாயில் விரலை விடாமல் டார்ச் மட்டும் அடியுங்கள். ப்ளோயர் இறக்கைகளில் கறுப்பாக அப்பியிருப்பது பூஞ்சையும் தூசியும் சேர்ந்த களிம்பு. ஏசி போட்டதும் புளித்த வாடை, ஈரத்துணி வாடை வருவதும், சில சமயம் கறுப்புத் துகள் கட்டிலில் விழுவதும் இதனால்தான்.

வேண்டியவை: செடிக்கு மருந்து அடிக்கும் கைப்பம்பு ஸ்பிரேயர், மெத்தென்ற பெயின்ட் பிரஷ், நீளக் கைப்பிடி பாட்டில் பிரஷ், பெரிய பிளாஸ்டிக் பை அல்லது சர்வீஸ் கவர், பக்கெட், பழைய துணி, கையுறை. அலுமினியத் தகடு பிளேடு மாதிரி கிழிக்கும். கையுறை இல்லாமல் இறங்காதீர்கள்.

1. எம்சிபி இறங்கியிருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். முன்மூடி கழன்று வரும் மாடல் என்றால் கழற்றி வையுங்கள். உள்ளிருக்கும் சட்டத்தைக் கழற்றப் போக வேண்டாம். கொக்கி ஒடிந்தால் பிறகு ஆயுளுக்கும் கடகடவென்று சத்தம் வரும்.

2. எதிரே நின்று பார்த்தால் பெரும்பாலான பெட்டிகளில் வலப்பக்கம் போர்டும் ஒயர்களும் இருக்கும். அந்தப் பக்கத்தைப் பிளாஸ்டிக் தாளால் மூடி டேப் ஒட்டுங்கள். மொத்த வேலையிலும் அவசரப்படக்கூடாத இடம் இதுதான். இங்கே தண்ணீர் போனால் போர்டு போய்விடும், ஏசியில் விலை கூடிய சாமான்களில் அதுவும் ஒன்று.

3. பெட்டிக்கு அடியில் கவரைத் தொட்டில் மாதிரி கட்டி, அதன் வாயைப் பக்கெட்டுக்குள் விடுங்கள்.

4. காய்ந்த பிரஷால் காயிலை மேலிருந்து கீழாக மட்டும் தடவுங்கள். குறுக்கே இழுத்தால் தகடு மடங்கும். மடங்கிய இடத்தில் காற்று போகாது.

5. ஸ்பிரேயரில் நல்ல தண்ணீர் ஊற்றி, மெல்லிய தூறலாக, மேலிருந்து கீழாக அடியுங்கள். பிசுக்கு இருந்தால் ஒரு லிட்டருக்கு நாலைந்து சொட்டு பாத்திரச் சோப்பு லிக்விடு கலந்து ஒருமுறை அடித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, வெறும் தண்ணீரில் சோப்பு போகும்வரை அலசுங்கள்.

6. ப்ளோயரை ஒரு விரலால் திருப்பித் திருப்பி, பாட்டில் பிரஷால் ஒவ்வொரு இறக்கையாகத் தேயுங்கள். மெல்லிய பிளாஸ்டிக்தான், அழுத்த வேண்டாம். இறக்கை ஒடிந்தால் உருளை ஆடி ஆடிச் சத்தம் போடும். தண்ணீர் அடிக்கும்போது அது தானாக வேகமாகச் சுற்றாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

7. துணியால் ஒற்றி எடுத்து, மூடியைத் திறந்தபடியே இரண்டு மணி நேரம் காயவிடுங்கள். பிறகு ஃபில்டரை மாட்டி, எம்சிபி போட்டு, முதல் அரைமணி நேரம் ஃபேன் மோடில் மட்டும் ஓட்டுங்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் கடினத் தண்ணீர். வாளியில் படியும் வெள்ளை உப்பு காயிலிலும் படியும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற வீடென்றால் அதையே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஆர்ஓ தண்ணீர் இரண்டு லிட்டர் கடைசி அலசலுக்குப் போதும்.

அமிலம், ஃபினாயில், பிளீச்சிங் பவுடர், பாத்ரூம் கழுவும் திரவம், துணி சோடா எதையும் காயிலில் காட்டாதீர்கள். அலுமினியம் அமிலத்துக்கும் பயப்படும், காரத்துக்கும் பயப்படும். கடையில் விற்கும் நுரை ஸ்பிரேயும் பரவாயில்லைதான். ஆனால் ‘அலசத் தேவையில்லை’ என்று டப்பாவில் போட்டிருப்பதை நான் நம்பமாட்டேன். அடித்தால் அலசுங்கள். அதை உந்தித் தள்ளும் வாயு பெரும்பாலும் தீப்பிடிக்கும் வகை, அதனால் மின்சாரம் ஓடும்போது அடிக்கவே கூடாது.

தண்ணீர் சொட்டுகிறதா?

காயிலின் குளிரில் காற்றின் ஈரம் வியர்த்து, கீழே தட்டில் இறங்கி, டிரெயின் குழாய் வழியாக வெளியே போகும். கத்திரி வெயிலில் நம் காற்று வறண்டு கிடப்பதால் தண்ணீர் குறைவாகத்தான் வரும். தண்ணீரே வரவில்லையே என்று பயப்பட வேண்டாம். ஐப்பசி மழையில் அதே ஏசி மளமளவென்று ஊற்றும். அதனால்தான் கோடை முழுக்க ஒழுங்காக இருந்த பெட்டி, மழை தொடங்கியதும் சுவரில் கோடு போட்டு ஒழுகும். அடைப்பு முன்பே இருந்தது, தெரிந்தது இப்போதுதான்.

பார்க்கும் விதம் எளிது. ஒரு பாட்டிலில் அரை லிட்டர் தண்ணீர் எடுத்து, காயிலின் மேல் மெல்ல வழியவிடுங்கள். ஒருவரை வெளியே குழாய் முனையில் நிற்கச் சொல்லுங்கள். ஒரே சீராக வந்தால் சரி. சொட்டுச் சொட்டாக வந்தால், உள்ளே வழவழவென்று ஜெல்லி மாதிரி பாசி வளர்ந்திருக்கிறது. குழாய் முனையில் தூசி உறிஞ்சும் மிஷினை வைத்துத் துணி சுற்றி இழுத்தால் மொத்தமாக வந்து விழும். மிஷின் இல்லையென்றால் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் விட்டு ஊறவைத்துப் பிறகு அலசலாம். கொதிநீர் கூடாது, குழாய் தளர்ந்துவிடும். உள்ளிருந்து வாயால் ஊதுவதும் கம்பி விட்டுக் குத்துவதும் இணைப்பைக் கழற்றிவிடும்.

அடைப்பே இல்லாமலும் ஒழுகினால், குழாய் எங்காவது மேலேறி இறங்குகிறதா, முனை பக்கெட் தண்ணீரில் முழுகியிருக்கிறதா, பெட்டி சுவரில் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பக்கெட்டில் முனையை முழுகவிடுவது நம் வீடுகளில் சகஜம், ஏனென்றால் அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறோம். ஊற்றலாம், வீடு துடைக்கலாம். முனை மட்டும் தண்ணீருக்கு மேலே நிற்கட்டும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாம் என்று ஒரு யோசனை தெருவில் ஓடுகிறது. வேண்டாம். ஆவியிலிருந்து வந்த தண்ணீராக இருந்தாலும் காயிலின் தூசியையும் செம்பு, அலுமினியத்தையும் தொட்டு வருகிறது. பேட்டரிக்குக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரே சரி.

அவுட்டோர் பெட்டி

எல்லாரும் மறக்கிற இடம். இன்டோரை மாதம் தவறாமல் துடைக்கிறவர்கள்கூட மாடியில் இருப்பதை ஏறிப் பார்ப்பதில்லை.

எம்சிபியை இறக்கிவிட்டு, முதலில் கையால் பொறுக்குங்கள்: காய்ந்த இலை, கிரிக்கெட் பந்து, பாலித்தீன் பை, அணில் கொண்டுவந்து வைத்த தேங்காய் நார். குளவிக்கூடு இருக்கிறதா என்று தூரத்தில் நின்றே பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பின்பக்கமும் பக்கவாட்டிலும் தெரியும் காயிலைப் பிரஷால் மேலிருந்து கீழாகத் தட்டிவிட்டு, ஹோஸ் பைப்பில் சாதாரண வேகத்தில், நேராக, மேலிருந்து கீழாகத் தண்ணீர் விடுங்கள். சாய்வாக அடித்தால் தகடு படுத்துவிடும். பைக் கழுவும் பிரஷர் மிஷினை அருகில் வைத்து அடிப்பதும் அப்படியே. ஒயர் நுழையும் பக்கத்தில் தண்ணீர் காட்ட வேண்டாம். முதலில் சேறு மாதிரி ஓடும், பிறகு தெளியும், தெளியும்வரை விடுங்கள். வெயில் உச்சியில் செய்யாமல் காலையில் செய்தால் உங்களுக்கும் நல்லது.

வெயில் படுகிறதே என்று பெட்டியைச் சுற்றித் தகரம் அடித்து மூடிவிடுகிறார்கள். அதைவிட வெயிலே தேவலை. மேலே கூரை போடுங்கள், ஆனால் முன்பக்கம் விசிறி ஊதும் காற்று தடையில்லாமல் போக வேண்டும். பின்பக்கம் சுவரிலிருந்து ஓரடியாவது இடைவெளி இருப்பது நல்லது. ஊதிய சூடே திரும்பி உள்ளே போனால், தூசியே இல்லாத புதுப்பெட்டியும் திணறும்.

பல்லி இன்னொரு தலைவலி. அவுட்டோர் போர்டின் கதகதப்புக்கு வந்து இரண்டு முனையைத் தொட்டுச் செத்து, போர்டையும் கொண்டுபோகும். ஒயர் நுழையும் ஓட்டைகளை அடைக்கச் சொல்லி மெக்கானிக்கிடம் கேளுங்கள். குழாய்களின் மேல் சுற்றிய கறுப்பு நுரை உறையை அணில் கடித்திருந்தால் புதிது சுற்றி, மேலே டேப் போடுங்கள். நம் வெயிலில் அந்த நுரை பொடிப்பொடியாக உதிர்வதும் உண்டு.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் தோல் தொழிற்சாலைகளுக்கு அருகில் இருப்பவர்களும், திறந்த சாக்கடைக்கு மேல் அவுட்டோர் மாட்டியிருப்பவர்களும் இதைக் கவனியுங்கள். அழுகிய முட்டை வாடைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பைக் கறுக்க வைத்து அரிக்கும். வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கும் கொலுசும் சீக்கிரம் கறுத்தால் ஏசியின் செம்பும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறது. தகடுகளுக்கு நீலப் பூச்சு இருக்கலாம். ஆனால் செம்பு வளைவுகளும் பற்றவைத்த இடங்களும் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் விட்டு அலசுவதும், முடிந்தால் பெட்டியைச் சாக்கடைப் பக்கத்திலிருந்து மாற்றுவதும்தான் வழி.

கழுவியாயிற்று. குளிர்கிறதா என்று எப்படிச் சொல்வது?

கையை நீட்டிப் பார்ப்பது சோதனை இல்லை. கடையில் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். ஏசியை 24-இல் வைத்து, ஃபேனை வேகமாக வைத்து, 15 நிமிடம் ஓடவிடுங்கள். பெட்டியின் மேலே காற்று உள்ளே போகும் இடத்தில் ஒரு அளவு, கீழே குளிர்காற்று வரும் வாயில் ஒரு அளவு. வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி இருந்தால் ஏசி தன் வேலையைச் செய்கிறது. கோடையின் வறண்ட காற்றில் இது கூடும்; மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தைப் பிழியவே பாதிச் சக்தி போவதால் குறையும். இன்வெர்ட்டர் ஏசி, அறை குளிர்ந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்போது அளந்தால் தப்பான கணக்கு வரும். அறை சூடாக இருக்கும்போதே அளந்துவிடுங்கள்.

வித்தியாசம் சரியாக இருந்தும் அறை குளிரவில்லையென்றால் குற்றம் ஏசியில் இல்லை. மேல்தளத்து வெயிலிலும், மேற்குச் சுவரிலும், கதவின் கீழ் இடுக்கிலும் தேடுங்கள்.

இப்போது கேஸ் பேச்சுக்கு வரலாம்

கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. வருடா வருடம் கேஸ் போடுகிற வீடு, ஓட்டைக்கு வருடச்சந்தா கட்டுகிறது.

உண்மையில் குறைந்திருந்தால் சில அறிகுறிகள் தெரியும். கழுவிய பிறகும் வித்தியாசம் 8-க்குக் கீழேயே நிற்கும். அவுட்டோரில் சின்னக் குழாயில் மட்டும் ஐஸ் பிடிக்கும். இணைப்பு நட்டைச் சுற்றி எண்ணெய்க் கசிவு படிந்து அதன்மேல் தூசி ஒட்டியிருக்கும். இன்டோர் காயில் முழுக்க ஐஸ் பிடித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபில்டரையும் ப்ளோயரையும்; காற்று போதாமல் போனாலும் காயில் உறையும். ஏசியை நிறுத்தி, ஃபேன் மோடில் விட்டு ஐஸ் உருகட்டும். கத்தியால் சுரண்டாதீர்கள்.

மெக்கானிக் வந்து, ‘சார், கேஸ் கம்மியா இருக்கு, போட்டுடலாமா?’ என்றால் சண்டை போட வேண்டியதில்லை. ‘போடலாம் தம்பி. எங்க லீக் ஆவுதுன்னு மொதல்ல காட்டு’ என்று கேளுங்கள். வேலை தெரிந்த பையன் சோப்பு நுரை அடித்தோ, நைட்ரஜன் ஏற்றிப் பிரஷர் நிறுத்தியோ இடத்தைக் காட்டுவான். பற்றவைத்து முடித்ததும் வேக்கும் பம்பு போட்டுக் குழாயின் காற்றையும் ஈரத்தையும் இழுப்பான். பிறகு சிலிண்டரைத் தராசில் வைத்து எடை பார்த்துக் கேஸ் விடுவான். எவ்வளவு கிராம் என்பது அவுட்டோரின் பெயர்ப்பலகையிலேயே அச்சிட்டிருக்கும், நீங்களும் படிக்கலாம். தராசு, வேக்கும் பம்பு இரண்டும் இல்லாமல் சிலிண்டரை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு வருபவரை டீ கொடுத்து அனுப்பிவிடலாம். ஆர்-32 பெட்டியில் வேறு கேஸ் கலப்பதும் கூடாது. ‘எல்லாம் ஒண்ணுதான் சார்’ என்றால் ஒன்று இல்லை.

கருகிய வாடை, எம்சிபி திரும்பத் திரும்ப விழுவது, பெட்டியைத் தொட்டால் சுரீர் என்பது: இந்த மூன்றில் எது வந்தாலும் கழுவிப் பார்ப்போம் என்ற யோசனையே வேண்டாம். நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு ஆஃப் செய்து ஏசி பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் பிளக்கின் பின்கள் சாக்கெட்டில் தளர்ந்திருக்கின்றன. பிளக் உருகிப்போகும் முன் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

கரண்ட் பில்

16-இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது நம்பிக்கை மட்டுமே. அறை சூடாக இருக்கும்போது 24-இல் வைத்தாலும் கம்ப்ரசர் முழு மூச்சாகத்தான் தொடங்கும். 16 என்றால் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். 2020 ஜனவரி முதல் விற்பனையாகும் அறை ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் பணியகமான பிஇஇ சொல்கிறது. 26-இல் வைத்து மேலே சீலிங் ஃபேனை மெல்ல ஓடவிட்டால் வேலூர் ராத்திரிக்குத் தாங்கும்.

ஸ்டார் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் வருட யூனிட் 1,600 மணி நேரத்துக்கான கணக்கு. பங்குனி முதல் ஆடி வரை தினம் பத்து மணி நேரம் ஓட்டினாலே அந்த அளவு ஏறக்குறைய முடிந்துவிடும். அதற்கு மேல் ஓடுவதெல்லாம் ஸ்டிக்கர் கணக்குக்கு வெளியே. நம் மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் இல்லை, கீழே இருக்கும் யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் கட்டணம் ஏறும். அதனால் 490-இல் நிற்பதற்கும் 510-இல் நிற்பதற்கும் பில்லில் நல்ல வித்தியாசம் தெரியும். ரீடிங் எடுக்கும் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு நடுவில் ஒருமுறை மீட்டரைப் பாருங்கள்.

எந்த மாதத்தில் எது

பங்குனி தொடக்கத்தில் முழுக் கழுவல், உள்ளும் வெளியும். அப்போதே மெக்கானிக் தேவைப்பட்டால் கூப்பிட்டுவிடுங்கள். கத்திரி தொடங்கினால் ஆள் கிடைப்பதும் கஷ்டம், அவருக்கு நிதானமாகப் பார்க்க நேரமும் இருக்காது. சித்திரை, வைகாசியில் ஃபில்டர் மட்டும் தவறாமல். ஆடிக்காற்று புழுதியைக் கொண்டுவந்து கொட்டும், ஆவணியில் அவுட்டோரை மறுபடி ஒருமுறை அலசுங்கள். ஐப்பசி மழைக்கு முன் டிரெயின் சோதனை. மழைக்காலத்தில் ஏசியை நிறுத்தும் முன் பத்து நிமிடம் ஃபேன் மோடில் ஓடவிட்டால் காயில் காய்ந்து பூஞ்சை வாடை குறையும். புதுப் பெட்டிகள் சிலவற்றில் இதைத் தானாகச் செய்யும் வசதி இருக்கிறது. நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் காற்று வருகிறதே என்று எம்சிபியை இறக்கிவிடாதீர்கள்.

மார்கழி, தையில் பெட்டி சும்மா கிடக்கும். நல்ல வெயில் அடிக்கும் ஒரு நாளில் மூன்று மணி நேரம் ஃபேன் மோடில் ஓட்டி உள்ளே ஈரமில்லாமல் செய்து, எம்சிபியை இறக்கிவிடுங்கள். அவுட்டோருக்கு முழுசாகப் பிளாஸ்டிக் உறை போட வேண்டாம், உள்ளே வியர்த்து எலி குடும்பம் நடத்தும். மேலே ஒரு பலகை, அதன்மேல் ஒரு செங்கல் போதும். ரிமோட்டின் பேட்டரியை மறக்காமல் கழற்றி வையுங்கள், கசிந்தால் ரிமோட்டே போய்விடும்.